கூரையில்லாத அரங்குக்குப் போகும் வழி

இன்று பல்லரோ சந்தையருகே தமிழ்க் கடையொன்றில், அரிசி மூட்டைமேல் வரைபடத்தை விரித்தோம். மலையூர் ஒன்றில் பாதியில் நின்றுபோன நாடக அரங்கை ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்ப்பதாகத் திட்டம்.

கார் நண்பன் செல்வனுடையது. அவனுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலிய வதிவிட அனுமதி, முடிந்துவிட்டது. புதியது இன்னும் வரவில்லை.

“இதாலை போகேலாது, பொலிஸ் மறிப்பான். உங்கையும் நிப்பான்” என்று பேனையால் ஒவ்வொரு வீதியாக வெட்டினான். கடைசியில் ஆட்டுப்பாதைதான் மிஞ்சியது.

“இவ்வளவு பயந்து போய்ப் பாக்க அங்கை என்ன கிடக்கு? கூரைகூட இல்லையெண்டுறியள்” என்றாள் அவன் மனைவி.

“ஓம். கட்டி முடிக்க அனுமதி வரேல்லையாம்” என்றேன்.

செல்வன் பேனையை மூடினான்.

“அப்ப கட்டாயம் போவம்.”

இப்போது பயம் எனக்கு. மறித்தால் அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கோ கார் ஓடத் தெரியாது.

பெர்மெஸ்ஸோ வைத்திருக்கும் யாராவது கார் ஓட வருவீர்களா? ஆடுகளுக்கும் இடைஞ்சல் இல்லாமல் பெருவீதியாலேயே போய்வரலாம்.