அணில் தொடாத கிழங்கு

டாஃபடில் (வசந்தத்தில் பூக்கும் மஞ்சள் பூ) கிழங்குப் பையை மார்போடு அணைத்துக் காரில் ஏற்றியபோதுதான் இடப்பக்கம் ஏதோ உறுத்தியது. பைதான் என்று நினைத்தேன். நாங்கள் குடியேறிய மோர்டனிலுள்ள வீட்டுக்கு வந்து பையை இறக்கிய பிறகும் உறுத்தல் போகவில்லை.

தடவிப் பார்த்தால் ஒரு கட்டி. அடுத்த சில வாரங்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால், உங்களுக்கும் தெரிந்தவையாகத்தான் இருக்கும். மமோகிராம் (மார்பகத்தை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே), பயொப்சி (ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது), பிறகு கதவு சாத்திய அறையில் ஒரு டொக்டர், பக்கத்தில் டிஷ்யூப் பெட்டியுடன் ஒரு தாதி. அந்தப் பெட்டியைக் கண்டதுமே முடிவு தெரிந்துவிட்டது. இடது மார்பையும் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். அதன்பின் கீமோ (புற்றணுக்களைக் கொல்ல நரம்பில் ஏற்றும் மருந்து), மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தரம்.

கிழங்குகள் அத்தனை நாளும் தோட்டத்து ஷெட்டில் கிடந்தன. டாஃபடில், அதோடு வாங்கிய குரோக்கஸ், டியூலிப், எல்லாம் குளிர்நாட்டுப் பூக்கள். வசந்தத்தில் பூக்க வேண்டுமென்றால் கடுங்குளிருக்கு முன் அவை மண்ணுக்குள் போக வேண்டும். தாதியோ மண்ணைத் தொடவே கூடாது என்றார். கீமோ வெள்ளை அணுக்களை (கிருமியோடு சண்டைபிடிக்கும் இரத்த அணுக்கள்) குறைத்துவிடும்; மண்ணிலுள்ள பூஞ்சையே ஆளைச் சாய்த்துவிடுமாம்.

பக்கத்து ஊரான சட்டனிலிருந்து சோறும் கறியும் கொண்டுவந்த மச்சாள், என் கணவரின் அக்கா, ஷெட்டை எட்டிப் பார்த்தார்.

"இந்த நேரத்தில உதுகளை நட்டு, ஆர் இருந்து பாக்கிறது?"

வாய் தவறி வந்த சொல். அவர் கெட்டவர் அல்லர். ஆனாலும் இவை பூக்கும், நான் பார்ப்பேன், மச்சாளையும் கூட்டிவந்து காட்டுவேன் என்று அன்றே முடிவெடுத்தேன்.

கணவரை நடச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டம் செய்த குடும்பம் அவருடையது. அவருக்கா கிழங்கு நடப் பாடம் எடுப்பது? முதல் மருந்து ஏற்றிய மறுநாள் நான் வாந்தியும் மயக்கமுமாகப் படுத்திருக்க, அவர் பாத்தி கட்டி, வெங்காயம் போலவே தலை வெளியே தெரிய வரிசையாக ஊன்றிவிட்டு வந்தார். காலையில் யன்னலால் பார்த்தால் அணில்களுக்குக் கல்யாணச் சாப்பாடு. டியூலிப்பும் குரோக்கஸும் ஒன்றுகூட மிச்சமில்லை. டாஃபடில்களைக் கிளறி எறிந்திருந்தனவே தவிர, ஒரு கடி கடிக்கவில்லை.

அழுதேன். பிறகு யன்னலைத் திறந்து கத்தினேன்.

"இஞ்சாருங்கோ, உது வெங்காயம் இல்லை! ஒரு சாண் ஆழத்தில தாட்டுவிடுங்கோ!"

"கத்தாதையும், மருந்து ஏத்தின உடம்பு," என்றார் அவர், கையில் ஒரு டாஃபடில் கிழங்கோடு. "ஏன் இதை மட்டும் அணில் தின்னேல்லை?"

"அதுக்குள்ள நஞ்சு."

சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்தது. என் நரம்பிலும் நஞ்சுதானே ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் என்னையும் இப்போதைக்கு ஒன்றும் தின்னாது.

நான்காவது தரம் மருந்து ஏற்றியபின் காய்ச்சல் வந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். செத்துவிடுவேன் என்று பயந்தேன். அதை மறைக்க மாட்டேன். கணவர் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று, மறுபடி தாட்டுவிட்ட டாஃபடில் முளையின் உயரத்தை விரலால் காட்டுவார். முதல் நாள் இரண்டு விரல். நான் வீடு திரும்பிய அன்று நான்கு.

மார்ச் கடைசியில், மொட்டைத் தலையில் கணவரின் கம்பளித் தொப்பியோடு தோட்டத்தில் நின்றேன். மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். மச்சாளை வரச்சொல்லி, கையுறை போட்டுக்கொண்டு ஒரு பிடி வெட்டிக் கொடுத்தேன்.

"வேற பூவோட ஒரே சாடியில வையாதேங்கோ மச்சாள். இதின்ர பால் பட்டா மற்றதுகள் வாடிப்போம்."

"ஓம்," என்றவரின் கண் கலங்கியது. "அண்டைக்கு நான் சொன்னது..."

"இருந்து பாத்திட்டன்," என்றேன்.

நோய் திரும்பாமல் ஐந்து வருடம் போனால்தான் நிம்மதி என்கிறார் டொக்டர். போகட்டும். என் வருடம் இப்போது ஒக்டோபரில் தொடங்குகிறது. இந்த முறை டியூலிப்பும் வாங்கிவிட்டேன், அணில்களுக்காகக் கோழிக்கூட்டுக் கம்பிவலையும். இடது கை இன்னும் தோளுக்கு மேல் உயராது. கிழங்கு நட அது கீழே போனால் போதும்.