பிப்ரவரியில் வரும் கவர்

எங்கள் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் விஜயகுமாரி பார்த்து முடித்த சர்க்யூட் பலகையை மறுபடி யாரும் பார்க்க மாட்டார்கள். ஈயப் பற்று ஒழுங்காக விழுந்திருக்கிறதா, எங்கேயாவது மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. நான் ஒரு நாளைக்கு நாற்பது பலகை பார்த்தால் அவள் எழுபது பார்ப்பாள். என் நாற்பதில் இரண்டு திரும்பி வரும். அவளுடையதில் ஒன்றும் வராது.

ஹைதராபாத்தின் கிழக்கு ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே மத்திய அரசு எழுப்பிய தொழிற்சாலை அது. 1968-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயது இருக்கும். சொந்த ஊர் அரக்கோணம். லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப் குடும்பத்தில் மருமகளாக வந்தவள். புருஷன் இளங்கோவன், ஒர்க்ஷாப் வேலையை விட்டுவிட்டு, கல்யாணமான இரண்டாம் வருஷமே பம்பாயில் சரக்குக் கப்பல் ஏறியவன். 1962 கோடையோடு அவனுடைய கடிதங்கள் நின்றுபோயின. மாமனார் இறந்ததும் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அவளும் மாமியார் தாயம்மாளும் மல்காஜ்கிரியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். இவ்வளவையும் அவளே முதல் வாரத்தில், தினம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். கவர் விஷயத்தை மட்டும் இரண்டு வருஷம் சொல்லவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் கேன்டீனுக்குப் போன பிறகு, அவள் மட்டும் லென்ஸை விட்டு எழுந்திருக்கவில்லை. கீழே பலகை இல்லை. சின்ன வெள்ளிக் காசு ஒன்று இருந்தது.

"கல்பகம் அக்கா, இதுல இன்னா எழுத்துன்னு பாருங்க."

குனிந்து பார்த்தேன். ஒரு கிரீடம். திருப்பினால், மதிப்பு எண்ணுக்குக் கீழே, வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற இடத்தில், டி.எஸ். என்று இரண்டு ஆங்கில எழுத்து.

"யாருதுடி இது?"

"அவரு அனுப்புறாரு. வருசா வருசம் பிப்ரவரி மாசம் ஒரு கவர் வரும். உள்ள ஒரு காசு. லெட்டர் கிடையாது. ஒரு வரி கிடையாது."

காசை மறுபடி லென்ஸுக்கு அடியில் நகர்த்திப் பார்த்தேன்.

டிராயிங் செக்ஷனில் சக்ரபாணி சார் இருந்தார். தபால்தலை, நாணயம் எல்லாம் சேர்ப்பவர். அயல்நாட்டு நாணயக் கேட்டலாக் ஒன்றை அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். விஜயகுமாரி தன்னிடமிருந்த எட்டுக் காசுகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவரிடம் போனாள். அவர் முதலில் தன் சட்டைப் பையிலிருந்து நம் பைசா ஒன்றை எடுத்து, வருஷத்துக்குக் கீழே இருந்த நட்சத்திரத்தைக் காட்டினார்.

"இது நம்ம சைபாபாத் மின்ட்டோட குறி. பம்பாய்ல அடிச்சா வேற குறி. உன்னோடது சுவீடன் காசு. அங்க என்ன வழக்கம்னா, அப்போ மின்ட்டுக்குத் தலைவரா யார் இருக்காரோ அவர் பேர் எழுத்தைப் பொடியாப் போடுவா. 1945 வரைக்கும் ஜி. அந்த வருஷம் ஆள் மாறித்து. அப்புறம் டி.எஸ். அதனால ஒரே 1945-க்கு ரெண்டு எழுத்துலயும் காசு உண்டு."

அவள் எட்டில் ஒன்றைத் தனியாக எடுத்து நீட்டினாள். "சார், இதுல ரெண்டும் இருக்குது."

"அதெப்படி இருக்கும்?"

"டி.எஸ்.ஸுக்கு அடியில ஜி-யோட வளைவு தெரியுது சார்."

சக்ரபாணி சார் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் மைக்ராஸ்கோப்புக்கே வந்து பார்த்தார். பழைய அச்சை வீணாக்காமல், அதன் மேலேயே புது எழுத்தைக் குத்தியிருக்கிறார்கள். அழிந்துபோன எழுத்தின் முதுகு மட்டும் அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஏம்மா, உன் ஹஸ்பெண்ட் காசு சேர்க்கிறவரா?"

"இல்லீங்க. அவருக்கு கையில காசு நின்னதே இல்ல."

"அப்படின்னா இதை அனுப்பறது அவர் இல்லை. இது எட்டுமே விஷயம் தெரிஞ்ச யாரோ பொறுக்கி எடுத்தது."

"கவர் மேல இருக்குறது அவரு எழுத்து சார்."

அன்றிலிருந்து அவள் படிக்க ஆரம்பித்தாள். சக்ரபாணி சாரின் கேட்டலாக்கைப் பக்கம் பக்கமாக நோட்டில் நகலெடுத்தாள். எந்த வருஷத்துக்கு எந்த எழுத்து, எந்தப் பதிப்பில் எழுத்து சற்றே சாய்ந்திருக்கும், எதில் எண்ணை ஒட்டி இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாயிற்று. ஒரு வருஷம் போர்க்கால இரும்புக் காசு வந்தது. வழியில் ஈரம் பட்டு, கவரின் உட்புறம் சிவப்பாக ஒரு வட்டம் படிந்திருந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். "எம்புள்ளைக்கு எங்கியோ அடிபட்டுருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

கவர்கள் எல்லாமே தாயம்மாள் பெயருக்குத்தான் வரும். விலாசம் பழைய லாலாகூடா குவார்ட்டர்ஸ். தபால்காரர் தெரிந்தவர் என்பதால் சிவப்புப் பென்சிலில் மல்காஜ்கிரி என்று திருத்திக் கொண்டுவந்து கொடுப்பார். தாயம்மாளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தின் உருவம் தெரியும். கவரை மோந்து பார்த்து, "கப்பல் வாசனை" என்பாள்.

1975 பிப்ரவரியில் பதின்மூன்றாவது கவர் வந்தது. விஜயகுமாரி அன்று பதின்மூன்று கவர்களையும் தூக்குச்சட்டிப் பையில் வைத்து வேலைக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்து நகர்த்தினாள். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். ஜன்னலுக்கு அப்பால் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"அக்கா, பேனா முள்ளுல ஒரு நார் மாட்டியிருக்குது."

"எதுல?"

"நாலு கவர்ல. எழுத்துக்குப் பக்கத்துல மயிர் மாதிரி ஒரு கோடு கூடவே இழுத்துக்கினு வருது. நாலுலயும் ஒரே நார்தான்."

நான் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். தபால் முத்திரைகளைப் பார்த்தேன்: 1964, 1967, 1971, 1974. பத்து வருஷமாக ஒருவன் பேனாவில் ஒரே நார் மாட்டிக்கொண்டிருக்குமா? மற்றவற்றில் மை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே போய், ஓர் இடத்தில் மறுபடி திக்காகிறது; அந்த வரிசைக்கும் தபால் வருஷத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எல்லாம் ஒரே நாள்ல எழுதுனது அக்கா. எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு. எப்பவோ."



கவர்களின் முத்திரையில் இருந்த சுவீடன் துறைமுக ஊரின் நாணயச் சங்க விலாசத்தை சக்ரபாணி சார் ஒரு பத்திரிகையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் இங்கிலீஷில் டைப் அடித்தேன். பதின்மூன்று காசுகளையும் வருஷம், எழுத்து, ரகம் என்று விவரித்து, இவற்றை வைத்திருந்த அங்கத்தினர் யாராவது உண்டா என்று கேட்டோம். ஏழு வாரத்தில் பதில் வந்தது. எழுதியவர் ஹோல்ம் என்ற முதியவர். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

இளங்கோவன் கப்பலிலிருந்து சொல்லாமல் இறங்கி, வேறொரு மாலுமியின் அடையாளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு துறைமுகத்தில் வேலை செய்திருக்கிறான். நுரையீரல் நோய். அந்த இன்னொருவன் பெயரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1962 நவம்பர் ஒன்பதாம் தேதி அந்தப் பெயரிலேயே புதைத்தார்கள். சாவதற்கு இரண்டு நாள் முன்பு கவர்கள் வேண்டும் என்று கேட்டானாம். உட்கார்ந்து பதினாறு கவரில் விலாசம் எழுதினான். அதற்கு மேல் கை ஓடவில்லை. வருஷத்துக்கு ஒன்று போட்டால் போதும், உள்ளே ஒன்றும் வேண்டாம், நான் இருக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொள்வாள் என்றானாம். வெறும் கவரை அனுப்ப மனசு வராமல், ஹோல்ம் தன்னிடம் இரட்டையாக இருந்த காசுகளில் ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் முடிவில் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டிருந்தார்: ஜி-யின் மேல் டி.எஸ். குத்திய காசு தவறுதலாக வந்துவிட்டது, ஆறு வருஷமாக வீடெல்லாம் தேடினேன், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் திரும்பக் கிடைக்குமா?

விஜயகுமாரி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. நான் அவளை ரெஸ்ட் ரூமுக்கு அழைத்துக்கொண்டு போனேன். முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியில் தன் குங்குமத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதிமூணு வருசமா யாருக்கு நோன்பு இருந்தேன் அக்கா? பதினாறு கவர் எழுதுனாரே, ஒண்ணுலயாவது என் பேரப் போட்டாரா?"

மறுநாளே ஹோல்ம் கேட்ட காசைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினாள்.

மாமியாரிடம் அவள் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள். தாயம்மாள் நம்பவே இல்லை. "எவனோ வெள்ளக்காரன் சொன்னா ஆச்சா? எழுத்து எம்புள்ள எழுத்து" என்றாள். ஹோல்மை விஜயகுமாரி நிறுத்தச் சொல்லவில்லை. 1976 பிப்ரவரியில் கவர் வந்தது. கிழவி அதை அவள் முகத்துக்கு நேரே ஆட்டி, "பாத்தியா?" என்றாளாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஓர் அறையில் அவன் உயிரோடு இருந்தான். அவன் சட்டைகள் மாதம் ஒரு தடவை வெயிலில் காயும். அடுத்த அறையில் அவன் செத்திருந்தான். நவம்பர் ஒன்பதாம் தேதி விஜயகுமாரி சத்தமில்லாமல் செகந்திராபாத் கோயிலுக்குப் போய் அவனுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சொல்லிவிட்டு வருவாள். அதே மாதம் இருபதாம் தேதி அவன் பிறந்த நாள் என்று கிழவி பாயசம் வைப்பாள். விஜயகுமாரி அதையும் வாங்கிக் குடிப்பாள். ஒரு தடவை எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். "இப்ப இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்பான்" என்றாள் கிழவி, வாசலைப் பார்த்து. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

1978-இல் பதினாறாவது கவரும் வந்து முடிந்தது. அடுத்த பிப்ரவரியில் ஒன்றும் வரவில்லை. மார்ச்சிலும் இல்லை. தாயம்மாள் கேட் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். சோற்றைத் தள்ளினாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

அந்த நாட்களில் ஒரு நாள் விஜயகுமாரியின் மேஜையில் ஒரு கவரைப் பார்த்தேன். இளங்கோவன் எழுத்து. மை காயவில்லை.

"இது எப்ப வந்தது?"

"வரல அக்கா. நான் எழுதுனது."

அவளே ஒரு பழைய கவரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். எந்த இடத்தில் அவன் அழுத்துவான், எந்த இடத்தில் கை தூக்குவான், எல்லாம் அப்படியே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"பாத்துப் பாத்துக் கை தானாப் போவுது" என்றாள்.

பெயரைப் படித்தேன். தாயம்மாள் என்று இல்லை. திருமதி விஜயகுமாரி இளங்கோவன் என்று இருந்தது. அதை இன்னொரு கவரில் வைத்து ஹோல்முக்கு அனுப்பினாள். அங்கிருந்து தபாலில் போடச் சொன்னாள்.

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை அது வந்து சேர்ந்ததைத் திங்கட்கிழமை பஸ்ஸில் சொன்னாள். தபால்காரர் கேட்டில் நின்று விலாசத்தைப் படித்துவிட்டு, "அம்மா, ஈசாரி மீ பேரு காது. கோடலு பேரு" என்றாராம். இந்தத் தடவை உங்கள் பெயர் இல்லை, மருமகள் பெயர் என்று. கிழவி வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அவள் கையில் கொடுத்தாள்.

"இந்தா. உனக்கு எழுதியிருக்கான். இத்தினி வருசம் கழிச்சாவது பாவிக்கு உன் ஞாபகம் வந்துச்சே."

பஸ் மௌலாலி பாறையைத் தாண்டிக்கொண்டிருந்தது. விஜயகுமாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அத்தை அதச் சொன்னப்ப, ஒரு நிமிசம் எனக்கும் அவருதான் எழுதுனாருன்னு தோணிடுச்சு. என் கையால எழுதுனது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா தோணிடுச்சு."

அதற்கப்புறம் மூன்று வருஷமும் அவள் கவர் எழுதி அனுப்பினாள். இரண்டு மாமியார் பெயருக்கு, ஒன்று தன் பெயருக்கு. கிழவி மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டாள். 1982 மழைக்காலத்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாவு விவரத்தை எழுதி, இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று விஜயகுமாரி ஹோல்முக்குக் கடிதம் போட்டாள்.

ஆபீஸ் ரிகார்டில் அவள் இன்னமும் சுமங்கலிதான். மாற்ற வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சுவீடனில் இருந்த சான்றிதழிலோ வேறொருவன் பெயர். பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இரண்டு தடவை விளக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். நான் ரிடையர் ஆகிற வருஷம், 1988-இல், இருவரும் சேர்ந்து ராமேஸ்வரம் போகலாம் என்று லீவு டிராவல் பாரம் நிரப்பப் போனோம். புதிதாக வந்த கிளார்க் பெண் அவள் ஃபைலைப் புரட்டினாள். ஃபேமிலி என்ற இடத்தில் இளங்கோவன் பெயரும் வயதும் இருந்தன. ஐம்பத்து மூன்று என்று யாரோ வருஷா வருஷம் ஒழுங்காகத் திருத்தி வைத்திருந்தார்கள்.

"சாரும் கூட வராரா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இந்தத் தடவை வரல" என்று சொல்லிவிட்டு விஜயகுமாரி கையெழுத்துப் போட்டாள்.