மச்சான் கடிகாரம்

மெத்தை ஆலையின் நுரைப் பகுதிக்குள் முதன்முதலாக நுழைகிறவர்களுக்கு இரண்டு தொந்தரவுகள் உண்டு. ரப்பர் பாலிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடியில் கண் கரிக்கும். அதோடு, தொட்டி ஓரமாக ஒருவர் தன் மச்சானைத் திட்டிக்கொண்டிருப்பது காதில் விழும். நெடிக்குப் பத்து நாளில் பழகிவிடலாம்.

திட்டுகிறவரை எல்லோரும் நுரைக்காரர் என்பார்கள். குட்டை உருவம், முழங்கை வரை கையுறை, யாரோ சற்றுமுன் ஏமாற்றிவிட்டுப் போனது போன்ற முகம். இருபத்துமூன்று வருடமாக ஒரே வேலை. ரப்பர் பாலில் கந்தகமும் சோப்பும் கலந்து, காற்றடித்துக் கடைந்து, முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தாற்போல் பொங்கவைப்பார். கடைசியில் ஒரு குவளை உறைமருந்து ஊற்றுவார். அதை ஊற்றியபின் விளையாட்டே கிடையாது. நுரையை அச்சில் கொட்டி, மூடியை இறக்கி, உள்ளே அது உறையும்வரை பொறுத்திருந்து, உறைந்த கையோடு நீராவியைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் நுரை அமுங்கி மெத்தையின் நடுவில் குழி விழும். அசந்தால் சுருங்கி வெடித்துவிடும். மூடியோ உலோகம், உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. நேரம் ஒன்றுதான் கணக்கு.

அந்த நேரத்தைப் பார்க்கத்தான் வழியில்லாமல் இருந்தது. அம்மோனியா பித்தளையை அரித்துவிடும். சுவரில் மாட்டிய மூன்று கடிகாரங்கள் அடுத்தடுத்துக் கண்ணை மூடின. நான்காவதை யாரும் வாங்கித் தரவில்லை, நுரைக்காரரும் கேட்கவில்லை. அவருக்குத்தான் மச்சான் இருந்தாரே.

விவகாரம் இதுதான். பத்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஆலை ஒரு மெத்தை கொடுக்கும். நுரைக்காரர், தானே நுரை கொட்டி, தானே அச்சிலிருந்து உரித்தெடுத்த மெத்தையைத்தான் கேட்டு வாங்கினார். அது வீட்டுக்குப் போன அன்றே மனைவியின் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். மூன்றே நாள் என்றார். பதினோரு மாதம் படுத்தார். கிளம்பும்போது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஊருக்கெல்லாம் மெத்தை செய்கிறவர் அன்றிலிருந்து பாயில் புரள்கிறார்.

உறைமருந்து ஊற்றிய நொடியில் இதைத்தான் ஆரம்பிப்பார். “மூணே நாளுன்னான்” என்று சொல்லும்போது நுரை அச்சுக்குள் போயிருக்கும். மச்சான் படுத்தபடியே காப்பி கேட்கிற இடத்தில் மூடிக்காரர் மூடியை இறக்கித் திருகுவார். மெத்தையைக் கட்டக் கயிற்றையும் நம் வீட்டிலேயே கேட்ட கொடுமையைச் சொல்லி, “வண்டியில ஏத்திட்டான்யா” என்று குரல் உடையும்போது நீராவி திறக்கும். வெயில் நாளில் நுரை சீக்கிரம் உறையும். வெயிலில் இவருக்கும் கோபம் சீக்கிரம் ஏறி, கதை விறுவிறுவென்று முடியும். எந்தக் கடிகாரத்துக்கு இந்தப் புத்தி வரும்? குளிர் மாதங்களில் மட்டும் கதை சற்றுப் போதாது. கடைசியில் நான்கு இருமல் இருமி ஒப்பேற்றுவார்.

இப்படிப் பன்னிரண்டு வருடம் ஓடியது. அப்புறம்தான் அந்த விபரீதம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் மெத்தையோடு வாசலில் வந்து நின்றார்.

“இடுப்பு சரியாயிடுச்சு மாப்ள. இப்ப மனசுதான் குத்துது. இந்தாங்க” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நுரைக்காரர் உருகிப்போனார். மச்சானைக் கட்டிக்கொண்டார், அவருடைய தட்டில் இரண்டாவது தடவை தானே பரிமாறினார். அன்று மத்தியானம் மெத்தையில் படுத்தவர் சாயங்காலம் வரை அசையவில்லை. இத்தனை வருடம் ஒரு நல்ல மனுஷனைக் கரித்துக்கொட்டிவிட்டோமே என்று அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை உறைமருந்தை ஊற்றிவிட்டு வாயைத் திறந்தார். “எம் மச்சான் இருக்காரே, தங்கமானவரு” என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பழைய கதையை வலுக்கட்டாயமாக இழுத்துப் பார்த்தார். வந்தாரு, படுத்தாரு, எடுத்துட்டுப் போனாரு, குடுத்துட்டாரு என்று பாதி நேரத்திலேயே முடிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் கை நீராவி வால்வைத் திருகியது. அச்சைத் திறந்தால் மெத்தையின் நடுவில் ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு குழி.

மேற்பார்வை செய்யும் அம்மாள் காற்றுப்புகாத பெட்டிக்குள் ஒரு மின் கடிகாரத்தை வைத்துக் கொண்டுவந்தார். ரப்பர் பால் ஒருநாள் இருப்பதுபோல் மறுநாள் இருப்பதில்லை. கடிகாரமோ தினமும் ஒரே நேரத்துக்கு மணியடித்தது. இரண்டு மெத்தை அமுங்கின, ஒன்று வெடித்தது. மூடிக்காரர் மனமிரங்கித் தன் சம்பந்தியைப் பற்றிய வழக்கை இரவல் கொடுத்தார். அதைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததில் நீராவி திறக்கவே மறந்துபோனார்கள். வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன், அதற்குள் சரியாகாவிட்டால் கழுவும் பகுதிக்கு மாற்றிவிடுவேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். கழுவும் பகுதியில் மெத்தைகளை உருளைக்குள் விட்டுச் சோப்பைப் பிழிந்தெடுப்பார்கள். நாள் முழுக்கக் கணுக்கால் தண்ணீரில் நிற்க வேண்டும். தண்ணீரைப் பற்றிக்கூட நுரைக்காரர் கவலைப்படவில்லை. பொங்குகிற நுரையைப் பார்க்காத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அண்ணனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் உதட்டில் நான்கு குண்டூசியைக் கவ்விக்கொள்வாள். பன்னிரண்டு வருடமாகப் பதில் சொல்லாமல் தப்பித்தது அப்படித்தான். புதன்கிழமை நுரைக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

“திட்டலாம்னு வாயத் தொறந்தா பாசம் வருதுடி. நான் என்ன பண்ணுவேன்?”

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். “சாப்பிடுங்க, பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது.

“அண்ணன் வந்தாரு. மறுபடியும் இடுப்பு புடிச்சுக்கிச்சாம்” என்றாள் மனைவி, தையலிலிருந்து நிமிராமல்.

“என் தலகாணி எங்கடி?”

“தலகாணியா?” என்று அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, கட்டிலைப் பார்த்தாள், குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள்.

அதுவும் போயிருந்தது. நுரைக்காரர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, நிலவரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மறுநாள் ஆலையில் கதை பழைய ஆங்காரத்தோடு ஓடியது. உரித்த மெத்தையை மேற்பார்வை அம்மாள் முஷ்டியால் நான்கு இடத்தில் அமுக்கிப் பார்த்தார். பிறகு தன் மின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குளிர் மாதங்கள் வந்தபோது நுரைக்காரர் இருமவே இல்லை. கதையில் புதிதாகச் சேர்ந்த தலையணை விவகாரம் அந்த இடைவெளிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

ஆறு மாதம் கழித்து பேருந்து நிறுத்தத்தில் மச்சான் எதிர்ப்பட்டார். நுரைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சானுக்குத் தாங்கவில்லை.

“சொல்லக்கூடாதுன்னு தங்கச்சி சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா நீங்க இப்படிப் பாக்காம போனா எப்படி மாப்ள? மெத்தைய எடுத்துட்டுப் போகச் சொன்னதே அவதான். உங்க வேலை போயிடும்னு அழுதா.”

நுரைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அந்த மெத்தையில் அவளும்தான் படுத்திருந்தாள். இப்போது அவளும்தான் பாயில் படுக்கிறாள், காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். அவள்மேல் பாசம் பொங்கிய அதே வேகத்தில் பயமும் வந்தது. நாளைக் காலையில் யாரைத் திட்டுவது?

“அப்ப தலகாணியையும் அவதான் எடுத்துட்டுப் போகச் சொன்னாளா?” என்றார், குரல் கம்ம.

மச்சான் தலையைச் சொறிந்தார்.

“இல்ல மாப்ள. அது மெத்துன்னு இருந்துச்சு. நானா எடுத்துக்கிட்டேன்.”

நுரைக்காரரின் முகம் சிவந்தது. காது சூடானது. மனதுக்குள் பெரிய நிம்மதி. பேருந்துக்குக்கூட நிற்காமல் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். மறுநாள் காலை உறைமருந்தை ஊற்றிய கையோடு, தலையணையிலிருந்து ஆரம்பித்தார்.