பால்குடமும் பேஜரும்

தொண்ணூறுகளில் ஒரு தைப்பூசம். தலையில் பால்குடத்தோடு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் படியேறிக்கொண்டிருந்தேன். மகன் மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தான். அவனுக்காக நேர்ந்துகொண்ட குடம் அது. சந்நிதிவரை இறக்கக் கூடாது.

எனக்கு முன்னால் ஏறியவர் கையிலிருந்த ஹேண்ட்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி கும்பிட வந்த இடத்திலும் பகட்டா என்று எரிச்சலாக இருந்தது.

பாதி வழியில் என் இடுப்பிலிருந்த பேஜர் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன். வார்டின் தொலைபேசி எண். மனைவிதான் அழைத்திருக்கிறாள். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று பேஜர் சொல்லாது. தலையில் குடம் ஆடியது.

முன்னால் ஏறியவர் திரும்பி, என் கையிலிருந்த பேஜரைப் பார்த்தார்.

"குடத்தைப் பிடிங்க தம்பி. நம்பரைச் சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

எண்ணை அழுத்தி, போனை என் காதில் வைத்துப் பிடித்தார்.

"கண்ணத் தொறந்துட்டான்ங்க. தண்ணி கேக்குறான்," என்றாள் மனைவி. அத்தோடு போன் அணைந்துவிட்டது.

"பேட்டரி முடிஞ்சிருச்சுலா," என்றார் அவர். "பரவால்ல தம்பி. எங்கம்மாவுக்கு இன்னைக்கு ஆபரேஷன். தங்கச்சி அடிப்பான்னு பாத்துக்கிட்டிருந்தேன். கீழ போயி பப்ளிக் போன்ல பேசிக்கிறேன்."

ஏறிவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

சந்நிதியில் குடத்தை இறக்கியதும், என் மகனுக்கும் முன்னால், பெயர் தெரியாத அந்தத் தாய்க்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.