பூனைப்பருந்துகள் படுத்த தரிசு

அந்தத் தரிசைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கே ஆசை வந்துவிடும்.

திருத்தங்கலில் எனக்கு வீடியோ எடுக்கிற வேலை. கல்யாண வீடியோ இல்லை, பட்டாசு வீடியோ. கம்பெனிகள் வருஷாவருஷம் புதிதாகப் போடும் வாண வெடிகளை டீலர்களுக்கு வெடித்துக் காட்ட வேண்டும். வெறும் பெட்டியைப் பார்த்து எவன் ஆர்டர் கொடுப்பான்? பொழுது இறங்கி, வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும் அந்த அரைமணி நேரத்தில் எடுத்தால்தான் நிறம் எடுப்பாக விழும்.

பூனைப்பருந்து படுக்க வருவதும் அதே அரைமணி நேரத்தில்தான். அது மரத்தில் அடையாது. ஐப்பசி மழையோடு எங்கோ வடக்கே இமயத்துக்கு அந்தப் பக்கமிருந்து வரும், பங்குனி வெயில் ஏறியதும் திரும்பிவிடும். பகலெல்லாம் கரிசல் காட்டில் தனித்தனியாக வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு, சாயங்காலம் ஒன்றுகூடிப் புல்லுக்குள் தரையில் படுக்கும். ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்க நெருங்கக் கூட்டம் பெருகும். வெம்பக்கோட்டை அணைக்குத் தெற்கே ஆள் புழங்காத ஒரு தரிசில் நாலைந்து வருஷமாக இதைப் பார்த்துவந்தேன்.

தை மாதத்தில் கம்பெனி முதலாளி அண்ணாச்சி கேட்டார். "தம்பி, சுத்துவட்டாரத்துல வீடு வாசல் இல்லாம, கரண்டு கம்பி இல்லாம ஒரு எடம் சொல்லுங்க. நீங்கதான் குருவி பாக்கேன்னு காடு காடா அலையிறீகளே."

வாய் சும்மா இருந்ததா? சொல்லிவிட்டேன். என் அலைச்சலையும் மதித்து ஒருவர் கேட்கிறாரே என்ற பூரிப்பு. வீடியோ எடுப்பது எப்போதும் சித்திரை கழிந்துதான், அதற்குள் பருந்துகள் கிளம்பியிருக்கும் என்று மனக்கணக்கு வேறு. அந்த வருஷம் பார்த்து டீலர்கள் சீக்கிரம் வருகிறார்கள் என்று பங்குனியிலேயே லோடு ஏற்றிவிட்டார்கள், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்கு நாலு நாள் முன்புதான் அது வந்திருந்தது. வெளிர் பூனைப்பருந்து, வளர்ந்த ஆண். வெளுத்த வேட்டி நிறம், சிறகு நுனியில் மட்டும் கறுப்பு. அந்த இனத்தில் வளர்ந்த ஆண் எங்கள் பக்கம் என் கண்ணில் பட்டதே இல்லை. மற்ற இருபது பருந்துகளுக்கு நடுவே அது இறங்கியபோது கை நடுங்கி ஒரு படம்கூட ஒழுங்காக விழவில்லை. வெட்கமில்லாமல் அழுதேன். ஒரு வாரமோ பத்து நாளோ அது நிம்மதியாகப் படுத்துத் தின்று தெம்பு ஏற்றிக்கொண்டால் போதும், ஊர் போய்விடும்.

லோடு வந்த அன்று சாயங்காலம் தண்ணீர் லாரி தரையை நனைத்துக்கொண்டிருந்தது. போர்மேன் வாணக் குழாய்களை நட்டுத் திரி இணைத்துவிட்டார். நான் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, இங்கன வேண்டாம். பருந்து படுக்கிற எடம். பத்து நாள் பொறுங்க, அதுகளே போயிரும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். பருந்துகள் வட்டமிடத் தொடங்கியிருந்தன. வெள்ளையும் இருந்தது. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தாடி, கருடன்லா! ஏலே, திரியில கை வைக்காத. சாமி போற வரைக்கும் பொறுப்போம்."

அவர் நல்ல மனுஷர். அதுதான் வினையாகப் போனது. வட்டமிடும்போதே கொளுத்தியிருந்தால் பருந்துகள் உயரத்திலேயே விலகிப் போயிருக்கும். நாங்கள் பொறுக்கப் பொறுக்க அவை ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கின. கடைசியாக வெள்ளை இறங்கியது. வானம் காலி.

"அம்புட்டும் போயிருச்சு. இப்பத் திருப்திதான தம்பி?"

"போகல அண்ணாச்சி. புல்லுக்குள்ள படுத்திருக்கு."

"பருந்து தரையில படுக்குமாக்கும்! அது என்ன கோழியா?" என்று சிரித்தார். போர்மேனும் சிரித்தார். நானே அவற்றைக் கிளப்பிவிடலாம் என்று புல்லைப் பார்த்து நடந்தேன். போர்மேன் கையைப் பிடித்து இழுத்தார்.

"சார், திரி சேத்தாச்சு. அங்கன போகாதீக. இனி இதை வண்டியில ஏத்தவும் முடியாது, வெடிச்சுத்தான் ஆகணும்."

அவர் சொன்னது நியாயம். இணைத்த திரியோடு அந்தக் குழாய்களை யாரும் லாரியில் ஏற்ற மாட்டார்கள். திரும்பி வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றேன்.

முதல் வாணம் சிவப்பாக விரிந்தது. புல் முழுக்கப் பதறி எழுந்தது. பருந்துகள் கண் தெரியாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போயின. வெள்ளை மட்டும் திசை தப்பி, நேராக அந்தச் சிவப்புக்குள் நுழைந்து கடந்தது. நான் என்ன செய்தேன்? படத்தை நிறுத்தவில்லை. பாழாய்ப்போன கை, அப்போது பார்த்து நடுங்கவும் இல்லை.

மறுநாள் காலை புல்லை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஓர் இறகுகூட இல்லை. வடக்கே போனதா, இருட்டில் எங்காவது கம்பியில் அடிபட்டதா, எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது?

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"தம்பி, அந்த வெள்ளக் கருடன் குறுக்க போச்சு பாருங்க, அதைத்தான் டீலரு எல்லாரும் திரும்பத் திரும்பப் போடச் சொல்றாக. சாமியே வந்து ஆசீர்வாதம் பண்ணுன ஐட்டமாம். இனிமே வருஷாவருஷம் அங்கனதான். அது எந்த மாசம் வரும்னு மட்டும் சொல்லிருங்க."

"சித்திரை கழிஞ்சு வரும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பங்குனி போய்விட்டது. தரிசில் அந்த மாதம் ஒரு வெடிச் சத்தம் கிடையாது. தினமும் சாயங்காலம் போய் நின்று பார்க்கிறேன். ஒரு பருந்துகூட இறங்கவில்லை.