அல்போன்சாவின் செருப்புப் பெட்டி

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் அல்போன்சா மண்டபம் எது என்று பார்ப்பதில்லை. மாப்பிள்ளையின் படிப்பையும் பார்ப்பதில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நேராகப் பெற்றோர் பெயருக்குப் போவார். பிறகு அடியில் பொடி எழுத்தில் நிற்கும் மாமன், சித்தப்பா வகையறா. முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு, செருப்புப் பெட்டிக்குள் செருகிவிடுவார்.

ரிச்மண்ட் ரோடு பக்கம் ஹெர்பர்ட் நடத்தும் ஆபீசில் அவருக்கு முப்பத்தோரு வருட வேலை. கம்பெனிகள் சர்க்காருக்குத் தாக்கல் செய்ய வேண்டிய காகிதங்களைத் தயாரிப்பதுதான் அங்கே தொழில். எந்த டைரக்டர் எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். யாருக்கு யார் சம்பந்தி என்று அது சொல்லுமா? அதற்கு ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்து இந்த அம்மாதான் வர வேண்டும்.

"கம்பெனி ரிப்போர்ட்ல யாரை வேணா மறைக்கலாம் சார். பத்திரிகைல சித்தப்பா பேரை விட்டுப் பாருங்க, சண்டைக்கே வந்துடுவாரு!" என்பார்.

"கல்யாணப் புரோக்கர் போர்டு மாட்டிடலாமா மேடம்?" என்று ஹெர்பர்ட் சீண்டுவார். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

போன வருடம் யசோதா வந்தார். பொம்மசந்திராவில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை. அறுபது பேருக்கு வேலை. பெரிய போட்டிக் கம்பெனி ஒன்று மூன்று முறை விலைக்குக் கேட்டும் மசியாதவர். புது மெஷின்களுக்கு ஒரு நிதி நிறுவனம் முதல் போட முன்வந்திருந்தது. ஒரே நிபந்தனை, அவர்கள் காட்டும் ஆள் ஒருவர் டைரக்டராக வந்து உட்காருவார். காகிதமெல்லாம் சுத்தம். யசோதா பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

"ஸ்வல்ப இருங்க மேடம்" என்றார் அல்போன்சா.

அந்த ஆளின் பெயரை இன்னொரு தடவை படித்தார். பெட்டியைக் கிளறி, தங்க விளிம்பு வைத்த பத்திரிகை ஒன்றை உருவினார். பெண்ணின் அப்பா, டைரக்டராக வரப்போகிறவர். மாப்பிள்ளையின் அப்பா, அந்தப் போட்டிக் கம்பெனியின் முதலாளி.

"ரெண்டு பேரும் பீகரு மேடம், சம்பந்திங்க! உங்க டிராயிங், உங்க ரேட்டு எல்லாம் மீட்டிங்ல இவரு பார்ப்பாரு. சாயங்காலம் அவர் வீட்ல போய்க் காபி குடிப்பாரு."

"அதே பேர்ல வேற ஆளா இருந்தா?" என்றார் ஹெர்பர்ட்.

"வீட்டு அட்ரஸ் பாருங்க சார்."

ஹெர்பர்ட் பத்திரிகையையும் கம்பெனிக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே அட்ரஸ். யசோதா பேனாவை மூடினார். வேறு ஆளைப் போட்டால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். நிறுவனம் முனகிக்கொண்டே ஆளை மாற்றியது. மெஷின்கள் வந்தன, தொழிற்சாலை யசோதாவிடமே இருக்கிறது.

போன மாதம் மகள் ஷில்பாவின் கல்யாணத்துக்கு அழைக்க யசோதா வந்தார், தட்டில் பழமும் புடவையுமாக. "சாமிக்கு வச்சதுக்கு அப்புறம் முதல் பத்திரிகை உங்களுக்குத்தாம்மா. நீங்க இல்லேன்னா எனக்கு ஃபேக்டரியே இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அல்போன்சாவும் கண்ணைத் துடைத்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். மாப்பிள்ளையின் அப்பா பெயரைத் தேடினார்.