சீர் வண்டிக்குச் சின்னச் சக்கரம்

அன்று ராஜபாளையத்தில், என் தங்கை செல்வியின் மாமியார் வீட்டு வாசலில் இருந்தவர்கள் எட்டுப் பேர். செல்வி. அவள் வீட்டுக்காரர் மகேந்திரன், எனக்கு மாப்பிள்ளை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த அவருடைய அப்பா. அவரை நான் மாமா என்பேன். மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு அத்தை முறை. தேவதானத்தில் வாழ்க்கைப்பட்டு, பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அக்கா ராணி. வன்னியம்பட்டியில் இருந்து நான் கூட்டி வந்த என் அம்மா. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலை மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர். எட்டாவது ஆள் நான். ஒருவரையும் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யார் யார் பார்த்தார்கள் என்று இன்றுவரை மனசுக்குள் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன். அவர்கள் பார்த்தது, நான் ஓட்டி வந்து நிறுத்திய எலக்ட்ரிக் காரின் நான்கு சக்கரங்களை.

நான் கனடாவில் ஒரு சின்ன ஊரில் ஓட்டல் சமையல்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு இல்லாதவனுக்குப் பயம் ஜாஸ்தி என்பார்கள்; என் விஷயத்தில் அது சரி. அடுப்பை அணைத்தேனா என்று வேலை முடிந்து பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள். அந்த ஊரில், பனி விழுவதற்கு முன்னால் ஒரு கூத்து நடக்கும். தெருவில் ஆளாளுக்கு ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, பளபளவென்று இருக்கும் அலாய் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பனியில் வழுக்காத டயர் போட்ட, அதைவிட ஒரு சுற்று சின்னதான கறுப்பு இரும்புச் சக்கரங்களை மாட்டுவார்கள். கழற்றியதை ஷெட்டில் அடுக்கி வைத்து, வெயில் வந்ததும் திரும்ப மாட்டிக்கொள்வார்கள்.

போன புதிதில் எனக்கு இது தெரியாது. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் தன் அழகான காரில் இருந்து சக்கரங்களைக் கழற்றுவதைப் பார்த்தேன். பாவம், வேலை போய்விட்டது போல, விற்றுத் தின்கிறார் போல என்று நினைத்தேன். ஒரு டப்பாவில் சாம்பார் சாதம் எடுத்துக்கொண்டு போய், "ஜாப் ப்ராப்ளம்? ஐ ஹெல்ப்" என்றேன். அவரோ எனக்குத்தான் வேலை போய்விட்டது, சாப்பாடு விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். டப்பாவை வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரு கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் இரக்கப்பட்டுக்கொண்டு குளிரில் நின்றோம். அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடி, நானும் கழற்றி மாட்டுகிற ஆளாகிவிட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சக்கரம் என்பது சக்கரம்தான் என்று ஆகிவிட்டது எனக்கு.

செல்வி கல்யாணத்துக்கு அந்த எலக்ட்ரிக் காரை வாங்கிக் கொடுத்தது நான்தான். அப்பா இல்லாத பெண். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில்தான் கூடுதலாகச் செய்யவேண்டி வரும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பாத்திரம் பண்டம், கட்டில், பீரோ எல்லாம் உள்ளே பரப்பியிருக்க, காரை மண்டப வாசலில் மாலை போட்டு நிறுத்தியிருந்தோம். பதினெட்டு இஞ்ச் அலாய் சக்கரம். பந்திக்குப் போகிறவர்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனார்கள். சின்னப் பிள்ளைகள் சக்கரத்தில் முகம் பார்த்துத் தலை சீவின. அத்தை தன் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினார்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக்கு மலைமேல் பெருமாளைக் கும்பிடப் போனபோதுதான் அந்தக் காரில் நான் முதலில் உட்கார்ந்தேன். ஒரு குழியில் இறங்கியதும் 'டங்' என்று ஒரு சத்தம். என் பல்லில் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். சக்கரம் அவ்வளவு பெரிதாக இருப்பதால் ரப்பருக்கு இடமில்லை. நாலு விரல் உயரம்தான். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியும் கிடையாது. பஞ்சருக்கு ஊற்றும் பசையும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும்தான் இருந்தன. செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. தினமும் லாரிகளுக்கு நடுவே அவளே ஓட்டிப் போய் வருகிறாள். பெருமாள் முன்னால் நின்றுகொண்டு நான் வேண்டியதெல்லாம் டயரைப் பற்றித்தான்.

அப்புறம் மூன்று நாள் போனில் வீடியோ பார்த்தேன். சக்கரத்தைச் சின்னதாக்கினால் டயரின் பக்கச் சுவர் உயரமாகும், குழியைத் தாங்கும், சார்ஜும் கொஞ்சம் கூடுதல் தூரம் வரும். ஆனால் டயரோடு சேர்த்து மொத்த உயரம் பழையபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும். பேட்டரியால் வண்டி கனம் என்பதால் டயர் தாங்குகிற எடையும் குறையக்கூடாது. பிரேக்கில் உரசக் கூடாது. இவ்வளவையும் யோசித்தவன், யோசிக்க வேண்டிய ஒன்றை யோசிக்கவில்லை. அம்மாவைக் கூட்டி வருகிறேன் என்று மட்டும் சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

டயர்க் கடை பாய் பதினாறு இஞ்ச் இரும்புச் சக்கரம் ஒன்றை மாட்டி, பிரேக்கில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிக் காட்டினார். "இன்னொரு தடவ சுத்துங்க பாய்" என்றேன்.

"ஏழு தடவ சுத்தியாச்சு தம்பி. இனி சுத்துனா எனக்குத்தான் தல சுத்தும்" என்றார். பிறகு, "கழட்டுனத என்ன செய்ய? வெலைக்குக் கேக்க ஆளு இருக்கு."

"வேண்டாம் பாய். வீட்டுல வச்சிக்கிடுதேன்."

"ஒங்க வீட்டுலயா, பொண்ணு குடுத்த வீட்டுலயா?"

எங்கள் வீட்டில்தான் என்றேன், ரொம்பச் சாதாரணமாக. அலாய் நான்கையும் சாக்கில் சுற்றி வன்னியம்பட்டியில் இறக்கினேன். அம்மா மட்டும், "என்னலே, சக்கரமெல்லாம் கறுப்பா, சூம்பிப் போன மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். அங்கே எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள் என்றேன். கனடாக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி ஏறி உட்கார்ந்தாள்.

ராஜபாளையம் வாசலில் வண்டியை நிறுத்தியதும் அத்தை வெளியே வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மண்டபத்தில் சுற்றிய அதே சுற்று. ராணிதான் வாயைத் திறந்தார். "ஏட்டி செல்வி, ஒங்க அண்ணன் குடுத்த சீர்ல பாதியத் திருப்பி எடுத்துக்கிட்டாவளா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"அந்த வீலு நாலையும் வித்தா ஒரு பைக்கே வாங்கலாம்லா" என்றது சுவருக்கு மேலே இருந்த தலை.

"பழைய சக்கரம் எங்க இருக்கு?" என்றார் அத்தை.

"வன்னியம்பட்டில பத்திரமா இருக்கு அத்தை. குழியில விழுந்தா ரிம்மு வளைஞ்சிரும்னுதான்... இது சின்னதுன்னாலும் டயரு உயரம், கனத்தத் தாங்கும்..." எனக்கே என் குரல் திருட்டுப் பயல் குரல் மாதிரிக் கேட்டது.

"நாங்களும் இந்தக் குழியிலதான மருமகனே இம்புட்டு நாளா பொழைக்கோம்" என்றார் அத்தை. என் அம்மா நீட்டிய பழப் பையை யாரும் வாங்கவில்லை. அவள் அதை நீட்டியபடியே நின்றாள்.

மாமா என் தோளில் கை போட்டு மோட்டார் ரூம் பக்கம் கூட்டிப் போனார். கேலி செய்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மருமகனே, அங்க வேல கீல போயிருச்சா? கடன் எதும் நெருக்குதா? மறைக்காமச் சொல்லுங்க. காரு எங்களுக்கு வேண்டாம், வித்து அடைங்க. பொண்ணு நல்லா இருக்கா, அது போதும்" என்றார். அவர் கண்ணில் நிஜமான இரக்கம். இதே கேள்வியை, இதே முகத்தோடு, கையில் டப்பாவோடு போய் ஒருவரிடம் கேட்டவன்தானே நான். சக்கரத்தைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்று முதலில் எனக்குத் தெரிந்திருந்தது. எந்த வருஷத்தில் அதை மறந்தேன்?

செல்வி பின்கட்டுக் குழாயடியில் நின்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாண்ணே?"

"ஒனக்காகத்தாம்மா செஞ்சேன். தெனம் அந்த ரோட்டுல..."

"ரோட்டுல நான் தெனம் ஒரு மணி நேரம் இருப்பேன். மிச்ச நேரம் பூரா இந்த வீட்டுலதான இருக்கணும்?"

அவள் அழவில்லை. மூஞ்சியைக் கழுவிக்கொண்டு முன்னால் போனாள். அவள் பின்னாலேயே நானும் போனேன், அடி வாங்கிய நாய் மாதிரி. அப்போதுதான் அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளை, "நாந்தாம்மா மாத்தச் சொன்னேன். எனக்கு அந்தப் பெரிய சக்கரம் பிடிக்கல" என்றார். பொய் என்று அத்தைக்குத் தெரியும். மகன் முகத்தையே செத்த நேரம் பார்த்தார். பிறகு என் அம்மா கையில் இருந்த பையை வாங்கி, "செல்வி, பழத்த உள்ள வையி. ஒங்க அம்மாவுக்குக் காப்பி போடு" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. காப்பி வந்தது.

மறுநாள் மாப்பிள்ளையும் நானும் அலாய் சக்கரங்களை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனோம். பழையபடி மாட்டியாயிற்று. "இரும்புச் சக்கரம் எங்க மாடியில கெடக்கட்டும் மச்சான். ஒரு வருசம் போகட்டும். அம்மா மறந்த பொறவு, ஒரு மழைக் காலத்துல நானே மாட்டிக்கிடுதேன்" என்றார் அவர். ஒரு வருஷம் என் தங்கை நாலு விரல் ரப்பரில் ஓட வேண்டும். சரி என்றேன். வேறென்ன சொல்ல? பாய்க்கு நான் முப்பதாயிரம்தான் கொடுத்திருந்தேன். மீதிக்கு என் கனடா கார்டை நீட்டினால் மெஷின் எடுக்கவில்லை. ஏடிஎம் தேடிக்கொண்டு நான் தெருவில் இறங்குவதற்குள் மாப்பிள்ளை போனைக் காட்டிக் கட்டிவிட்டார். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகாத மாப்பிள்ளை, பெண்ணின் அண்ணன் வைத்த பாக்கியைத் தீர்க்கிறார். ஏதும் தெரியாதவர் மாதிரி பாய் ரசீதை அவரிடமே கொடுத்தார்.

இப்போது இங்கே பனி விழப்போகிறது. இன்று காலை ஜாக்கி வைத்து என் காரைத் தூக்கினேன். தெருவில் எல்லோரும் அவரவர் சக்கரத்தோடு இருந்தார்கள். என்னைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆனாலும் முதல் நட்டைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. சொந்தக் காரை ஒரு போர்வையால் பாதி மூடிவிட்டு, அதன் மறைவில் உட்கார்ந்து கழற்றினேன். மாப்பிள்ளைக்கு இரண்டு தடவை பணம் அனுப்பினேன்; இரண்டு தடவையும் திரும்பி வந்தது. செல்வியிடம் கேட்டால், "அவிய வேண்டாங்காவண்ணே, விடு" என்கிறாள். விட முடியவில்லை. இந்தத் தேதிவரை என் தங்கை வீட்டுக்காரருக்கு நான் தரவேண்டியது பதினோராயிரத்து எழுநூறு ரூபாய்.